ஸ் போட்ட பேய்

"பாட்டுப் பேய். 88 தை. முழுக்க இல்லை."

ஓர் ஒலிநாடாவின் மேல் நீல மையால் இப்படி எழுதியிருக்கிறது. கையெழுத்து மாமாவுடையது. அவர் ஆண்டை மாற்றி எழுதும் வழக்கமுள்ளவர் என்பதால் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் நாடாவை ஓடவிட்டால் பாட்டுக்குப் பின்னால் எஸ்பியர்க் துறைமுகத்தில் பனிமூட்டத்தின்போது கப்பல்களை எச்சரிக்கும் சங்கு ஊதுவது கேட்கிறது. என் குரலும் கேட்கிறது. முன்பல் விழுந்த குரல். எனக்கு முன்பல் விழத் தொடங்கியது அந்தக் குளிர்காலத்தில்தான். ஆகவே 88 தை என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

அந்த ஆண்டுகளில் டென்மார்க்கில் பள்ளிக்குப் போன உங்களுக்கு இந்த நாடாவில் இருப்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் 'மூவிபொக்ஸ்' வந்திருக்கும். சூட்கேஸ் போலக் கைபிடி வைத்த அந்தக் கறுப்பு வீடியோப் பெட்டியைச் சனிக்கிழமை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மத்தியானம் திருப்பிக் கொடுப்போம். அதன் சூட்டு மணம், பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த அந்த மணம், எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. பெட்டியைப் பிறகு எங்கும் காணவில்லை. பழைய பொருட்கள் விற்கும் கடைகளில் தேடியும் பார்த்துவிட்டேன்.

நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அப்பா, நான், மாமா. அப்பாவும் நானும் எண்பத்தாறில் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர்கள். பயணம் புறப்படும் நாளில் அம்மாவின் கடவுச்சீட்டு மட்டும் வந்து சேரவில்லை. "நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்" என்று யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டா. மாமா உறவுக்காரர் அல்ல. மட்டக்களப்புக் கிறிஸ்தவர், அகதி முகாமில் அப்பாவின் பக்கத்துக் கட்டில். அப்பா மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மாவைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் கொடுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பதில் இல்லை. எண்பத்தேழு ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியதிலிருந்து அம்மாவின் கடிதமும் இல்லை.

மாமா ஊரில் பறங்கியர் கலியாண வீடுகளில் கிற்றார் வாசித்தவர். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டென்றால் உயிர். தொப்பி, குதிரை, மழை, ரயில், வீடு என்று போகும் கன்ட்றிப் பாட்டுகள். எங்கள் தெருமுனைக் கடையில் ஆரும் எடுக்காத வீடியோக்களுக்கென்று ஒரு கீழ்த்தட்டு இருந்தது. அங்கேதான் மாமா குந்தியிருப்பார். கன்ட்றிப் பாட்டும் பேயும் சிரிக்கவைக்கும் பகிடியும் ஒன்றாகச் சேர்ந்த படங்கள் என்று ஒரு தனி இனம் இருப்பது எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. அட்டையில் எலும்புக்கூடு தொப்பி போட்டு பாஞ்சோ வாசிக்கும்.

'பாட்டுப் பேய்' என்று மாமா பேர் வைத்த படத்தின் கதை இது. ஒரு பாடகி, தன் குழுவோடு பேருந்தில் ஊரூராகப் போகிறவள். பேருந்து சதுப்பில் இறங்கி எல்லாரும் செத்துவிடுகிறார்கள். வீட்டில் அவளுக்கு ஒரு சின்ன மகள். பாடகி பேயாக வந்து மகளின் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுகிறாள். நீராவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதுகிறாள். பாஞ்சோக்காரனின் விரல்கள் பாட்டின் நடுவில் கழன்று விழ, அவன் பொறுக்கி எடுத்துத் திரும்பக் கொளுவுகிறான். பேயைக் கண்டு நடுங்க வேண்டிய நாய் வாலை ஆட்டுகிறது. புகை போட்டவர்கள் அளவுக்கு மேல் போட்டுவிட்டதால் ஓர் எலும்புக்கூடு இருமுகிறது. அதை வெட்டிவிட அவர்களுக்கு வசதியில்லைப் போலும்.

படத்தின் பாட்டுகளை மாமா தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ரெக்கோடரை வைத்துப் பதிந்தார். அந்த நாடாவில் எங்கள் பேச்சு இப்படிப் போகிறது:

"சத்தம் போடாதீங்க, பதியுது" என்கிறார் மாமா.

"உதென்ன பேய், மச்சான்? முதுகில சட்டைச் சிப் தெரியுது" என்கிறார் அப்பா.

"பேய்க்கும் உடுப்பு இறுகும்தானே."

"நூல் தெரியுது பார், நூல். மேல இருந்து ஆரோ தூக்கிறாங்கள்."

"நீ நூலப் பாக்காத. பாட்டக் கேளு."

பிறகு என் குரல்: "அவவுக்கு ஏன் கால் நிலத்தில முட்டேல்லை?"

"பேய்க்குக் கால் முட்டாது, பிள்ளை" என்கிறார் அப்பா. சிரிக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் அவர் சிரித்ததற்கு என்னிடமுள்ள ஒரே பதிவு இது.

நல்ல பணம் போட்டு எடுத்த பேய்ப்படங்களைப் பின்னாளில் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுந்து போய்ப் பல் தீட்டிவிட்டுப் படுத்துவிடுவேன். இந்த மலிவுப் படங்கள் என்னை விடவில்லை. அவற்றில் பேயின் வீட்டுத் திரைச்சீலை, பழைய சாமான் கடையில் எடுத்த எங்கள் வீட்டுத் திரைச்சீலை போலவே இருந்தது. பேய் எங்களைப் போலவே அரைகுறை வசதியோடு சமாளித்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று அந்தப் பாடகி கண்ணாடியில் முகத்தை வைத்து அழுவாள். அந்த அழுகை மட்டும் நடிப்பாகத் தெரியாது.

டேனிஷ் எழுத்துகள் படத்தின் அடியில் ஓடும். மாமா மொழிப் பள்ளியில் படித்ததைவிட அங்கே படித்தது அதிகம். 'டே ஸ்போயர்' என்று அவர் வாசிக்கும் சொல் ஒன்று அடிக்கடி வந்தது. பேருந்தில் டே ஸ்போயர். வீட்டில் டே ஸ்போயர்.

"பாத்தியா மச்சான்? இது நம்மட பேய்தான். முன்னால ஒரு ஸ் போட்டு, வாலில ஒரு அர் போட்டு வச்சிரிக்காங்க. தமிழ் எங்கெல்லாம் போயிரிக்கி பாரு."

"உங்கட ஊரில இருந்துதான் போயிருக்கும். ஆளைப் பாயோட ஒட்ட வைக்கிற ஆக்களெல்லே நீங்கள்" என்கிறார் அப்பா. மட்டக்களப்பார் மந்திரம் போட்டு விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தார் அவர்களைச் சீண்டும் பழைய பகிடி.

படத்தில் அந்த மகள் ஜன்னலைத் திறக்கக் கை வைக்கிறாள். அங்கே பெட்டி கர்ரென்று கத்தி வீடியோநாடாவை மென்றுவிட்டது. மாமா அதைப் பென்சிலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சரிவரவில்லை. அதனால்தான் 'முழுக்க இல்லை.'

இனி மாசி மாதத்துக்கு வருகிறேன்.

அகதிகளுக்கு உதவும் டேனிஷ் பெண் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோவார். எப்போதும் பையில் பின்னல் ஊசியும் கம்பளி நூலும் இருக்கும். நாங்கள் பின்னல் அன்ரி என்போம். அப்பாவின் விண்ணப்பத்துக்காக அமைச்சுக்குத் தொலைபேசி எடுப்பதும் அவர்தான். அன்று பின்னல் பை இல்லாமல் வந்தார். மேல்சட்டையைக் கழற்றாமல் சோபாவின் விளிம்பில் இருந்தார். பின்னேரம் ஆறு மணி இருக்கும், வெளியே இருட்டிவிட்டது. நான் குசினியில் படம் கீறிக்கொண்டிருந்தேன். கதவு அரைவாசி திறந்திருந்தது.

அன்ரி ஏதோ மெதுவாகச் சொன்னார். திருப்பியும் சொன்னார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

மாமா அன்ரி போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், என்னவாம் எண்டு கேக்கிறன்."

"எனக்கு ரெண்டு சொல்லுதான் விளங்கிச்சு. கோன எண்டா."

கோன என்றால் மனைவி. அது அப்பாவுக்கும் தெரியும்.

"மற்றது?"

"மறுகா… ஸ்போயர் எண்டா. உன்ட கோனவுக்கு டே ஸ்போயர் எண்டா."

சங்கு ஊதியது.

"ஓடிப்போய்க் கேக்கட்டா? பஸ் வந்திருக்காது" என்றார் மாமா.

"வேண்டாம்."

"வடிவாக் கேட்டா…"

"வேண்டாம் எண்டெல்லே சொல்றன்!" பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "பிள்ளைக்குச் சொல்லாதை."

நான் பச்சைப் பென்சிலைப் பிடித்தபடி இருந்தேன். கீறிய மரத்தின் மேலேயே திரும்பத் திரும்பக் கீறினேன். தாள் கிழிந்தது.

அப்பா ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரிடம் கேட்டிருக்கிறேன். "கேட்டா ஓம் எண்டிடுவா எண்டு பயம்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அப்பா மீன், இறைச்சி சாப்பிடுவதை விட்டார். மீன் தொழிற்சாலையிலிருந்து வந்து, மீன் மணக்கும் கையால் பருப்பும் சோறும் சாப்பிட்டார். சுவரில் இருந்த அம்மாவின் படத்தைக் கழற்றினார். மாலை போடவும் மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லைப் போலும். அலுமாரிக்குள் துவாய்களுக்கு அடியில் வைத்தார். படம் இருந்த இடத்தில் சுவர்த்தாள் பளிச்சென்று ஒரு சதுரமாகத் தெரிந்தது. எனக்கு எதுவும் தெரியாதென்று இருவரும் நினைத்தார்கள். எனக்கு முன்னால் சத்தமாகச் சிரித்துக் கதைத்தார்கள்.

அம்மா பேயாகிவிட்டா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செத்துப்போனா என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சொல் என் காதில் விழவில்லை. காதில் விழுந்தது பேய் மட்டும்தான். பேய் என்ன செய்யும் என்பதும் தெரியும். ஜன்னலுக்கு வரும். பாடும். சோறு கொதிக்கும்போது குசினி ஜன்னல் நீராவியால் மூடும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பேன். சங்கு ஊதினால் அது பாட்டின் முதல் அடி என்று நினைப்பேன். எனக்கு ஜன்னலைத் திறக்கவும் ஆசை. அதுதான் பெரிய பயம். திறந்த பிறகு அந்த மகளுக்கு என்ன ஆனது என்று தெரியாதே. மாமாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"மாமா, அந்தப் பாட்டுப் பேய் மகளை என்ன செய்யும்?"

மாமாவின் முகம் மாறியது. "அது… சும்மா பகிடிப் படம், புள்ள. ஒண்டும் செய்யாது."

"மகளையும் கூட்டிக்கொண்டு போகுமோ?"

"போய்ப் படி" என்றார். அவர் என்னை அதட்டியது அது ஒருமுறைதான்.

பள்ளியிலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. என் வகுப்பில் ஒருத்தி என் கையுறையை ஒளித்துவைத்தாள். நான் அழ, எடுத்து நீட்டிக்கொண்டு, "யாய் ஸ்போயர் பாரே" என்றாள். நான் வெறும் பேய்தான் என்று அவள் சொல்வதாக எனக்கு விளங்கியது. வீரிட்டுக் கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போனேன். கையுறைக்காக இவ்வளவு கத்துவதா என்று ஆசிரியை குழம்பிப்போனார். வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டார். வாசிக்கத் தெரிந்தவர் மாமாதான். அவருக்கும் முழுக்க விளங்கவில்லை.

அடுத்து நடந்தது நான் பள்ளியில் இருந்தபோது நடந்தது. மாமா பின்னாளில் சொன்னதை வைத்து எழுதுகிறேன். அப்பாவின் கூற்றும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

பங்குனியில் பின்னல் அன்ரி வந்து, விண்ணப்பத்தோடு திரும்ப அனுப்ப அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்றார். சுவரைப் பார்த்தார். சதுரத்தைப் பார்த்தார். படம் எங்கே என்று கேட்டார். அப்பா எழுந்து குசினிக்குப் போய்விட்டார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்த டேனிஷை எல்லாம் கூட்டிச் சேர்த்து, "கோன செத்துப் போச்சு. நீதானே சொன்னாய், ஸ்போயர் எண்டு. செத்த ஆளுக்கு என்னத்துக்குப் படம்?" என்று கேட்டார்.

அன்ரி முதலில் சிரித்துவிட்டாராம். சிரிப்பு நிற்கவில்லையாம். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாராம். தேத்தண்ணி குடித்து ஆறிய பின் விளக்கினார். அந்தச் சொல்லுக்குப் பேய் உலாவுகிறது என்றும் பொருள். பகிடி விடுவது என்றும் பொருள். ஒருவருக்கு 'டே ஸ்போயர்' என்றால் அவருடைய காரியம் சரிவருமோ தெரியாது, கைநழுவும்போல இருக்கிறது என்றும் பொருள். அமைச்சில் தமிழருடைய விண்ணப்பங்களை ஆரும் அசைக்கிறார்கள் இல்லை, உன் மனைவியின் அலுவல் கஷ்டம்போல இருக்கிறது. அவர் சொல்ல வந்தது அதைத்தான்.

அப்பா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். "ஒரு சொல்லுக்குள்ள பேயையும் பகிடியையும் என்ர மனுசியையும் சேத்து வைச்சிருக்கிறாங்கள்" என்றாராம்.

"தமிழ்ச் சொல்லெண்டு நினைச்சிட்டன், மச்சான்" என்றார் மாமா.

"நீ இனி வாயைத் திறக்காதை."

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது பொரித்த மீன் மணந்தது. மாமா கிற்றாரை எடுத்துச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். சுவரில் அம்மாவின் படம் திரும்ப வந்திருந்தது.

எனக்கு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. செத்துவிட்டா என்று சொல்லாத பிள்ளைக்கு உயிரோடு இருக்கிறா என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அவர்கள் கணக்கு சரிதான். நான் படத்தைப் பார்த்தபடி நின்றேன். கழற்றிய படம் தானாகச் சுவருக்குத் திரும்புவது பாட்டுப் பேயிலும் உண்டு. அது பேய் வீட்டுக்குள் வந்துவிட்டதற்கு அடையாளம்.

அதற்குப் பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. அப்பா வாசித்துக் காட்டுவார்: "அம்மா உனக்குக் கொஞ்சல் அனுப்பியிருக்கிறா." பேய் எழுதும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஸ்போயருக்குப் பகிடி என்ற பொருளும் உண்டென்று கோடைக்குள் பள்ளியில் நானும் அறிந்துகொண்டேன். அது உதவவில்லை. அம்மா பேயா, பகிடியா என்று இரண்டு பயங்கள் ஆனது மட்டும்தான் மிச்சம்.

அமைச்சில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். எண்பத்தேழு இலையுதிர் காலத்திலிருந்து எங்களுடைய விண்ணப்பங்கள் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. எண்பத்தொன்பதில் மெல்ல அசைந்தன. தொண்ணூற்று மூன்று சனவரியில் அதற்காக ஓர் அரசே பதவி விலகியது. விசாரணை அறிக்கையின் பெரும்பகுதியைப் படித்திருக்கிறேன். மேலே இருந்து நூலைப் பிடித்திருந்தது ஆர் என்பது அதில் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த சதுரம் அதில் இல்லை. இருக்கவும் தேவையில்லை.

அம்மா வந்தது எண்பத்தொன்பதில். "அம்மா வரப்போறா!" என்று அப்பா சொன்னபோது நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். "சந்தோசத்தில வெக்கப்படுது" என்றார் மாமா.

ரயிலையே ஏற்றிக்கொண்டு போகும் கப்பலில் கடலைக் கடந்து கோபன்ஹேகன் போனோம். அப்பா மடியில் ஒரு வெள்ளைச் சால்வையை வைத்திருந்தார், பின்னல் அன்ரி அம்மாவுக்கென்று பின்னியது. விமான நிலையத்தில் ஒரு பெரிய கண்ணாடி. அதன் கீழ்ப்பாதி புகைபோல மங்கலாக்கப்பட்டிருந்தது. அப்பால் வருகிறவர்களின் இடுப்புக்கு மேலேதான் தெரியும். அப்பா என்னைத் தோளில் தூக்கினார்.

"அந்தா! அம்மா!"

அம்மா வந்தா. நடக்கவில்லை. தோள் அசையவில்லை, தலை ஏறி இறங்கவில்லை. நேராக நின்றபடி, எங்களைப் பார்த்தபடி, வழுக்கிக்கொண்டு வந்தா. பாட்டுப் பேய் ஜன்னலுக்கு வருவதைப் போலவே.

நான் அப்பாவின் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "பிள்ளை, நோகுது" என்றார் அவர். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

கதவு திறந்தது. அப்பா என்னை இறக்கிவிட்டார். நான் கால்களைத்தான் பார்த்தேன். அம்மா நீளச் சேலை உடுத்தியிருந்தா; விளிம்பு நிலத்தைத் தொட்டது, உள்ளே கால் தெரியவில்லை. அப்பா சால்வையை அவவுக்குப் போர்த்தினார். மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாக அம்மாவுக்குப் பின்னால் போனேன். முதுகில் சிப் இல்லை. ஆனால் சால்வையின் ஓரத்தில் ஒரு வெள்ளை நூல் தொங்கியது.

இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. அம்மா விழவும் இல்லை, மேலே எழவும் இல்லை.

"ஆரது பின்னால பிடிச்சு இழுக்கிறது?" என்று திரும்பினா. என் கையில் இருந்த நூற்குவியலைப் பார்த்தா. "என்னடி செய்யிறாய்? வந்தவுடன என்னை உரியப்போறியோ? விடு! பல்லெல்லாம் எங்க உனக்கு?"

படத்தில் பேய் ஒருநாளும் ஏசவில்லை. நான் அங்கேயே இருந்து கத்தி அழுதேன். அம்மா குனிந்து தூக்கியபோது சேலை விலகியது. செருப்பில்லாத காலில் கறுப்பு மேசோடு; அந்தக் காலுறையின் ஓட்டையால் ஒரு பெருவிரல் வெளியே தெரிந்தது. நிலத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் மிச்சம். கண்ணாடிக்கு அப்பால் நகரும் நடைபாதை இருந்திருக்க வேண்டும், அதில் நின்றபடிதான் அம்மா வந்திருப்பா என்று வெகுகாலம் எழுதிவைத்திருந்தேன். அப்பா, அந்த இடத்தில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்கிறார். அம்மா, "நான் நடந்துதான் வந்தனான், கால் வீங்கிப்போய்க் கிடந்தது" என்கிறா. மாமாவிடம் கேட்க இனி வழியில்லை. விமான நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. எண்பத்தொன்பதில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நகரும் நடைபாதை இருந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.